ஏழாவது கேள்வி

எசென்பெக்கின் கோப்பை விளிம்பு வரை நிறைந்தது. ஒரு சொட்டுகூட விரிப்பில் சிந்தாமல் கம்ஷாத் தேநீர்க் கெண்டியை நிமிர்த்தினாள்.

ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவந்த ஓட்டுநர் ஒராஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கசகஸ்தானில் விருந்தாளிக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றுவார்கள், தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். முதலிலேயே நிறைத்து ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். அவன் எசென்பெக்கின் காதோரம் குனிந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பாவம், கண்ணு தெரியாதவங்க. அளவு பிடிபடல."

"எனக்குத் தெரியாதா? பேசாம இருய்யா."

கண் மட்டுமல்ல, காதும் மந்தம் போலிருக்கிறது என்று எசென்பெக் நினைத்துக்கொண்டார். வாசலில் நின்று, "தலைநகரத்துலேர்ந்து வர்றோம் அக்கா, படிவம் சரிபார்க்கணும்" என்று அவர் சொன்னபோது அவள் தலையைச் சாய்த்து, "சரியா விழல தம்பி, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். அவர் மேடையில் பேசுகிற மாதிரி சத்தமாகச் சொன்ன பிறகுதான் கதவு முழுசாகத் திறந்தது.

படிவம் என்பது வெறும் சாக்கு. கசகஸ்தான் ஏழெட்டு வருஷமாகக் கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. எண்ணெய் என்று முதல் வரியில் எழுதினார். ஆட்கள் நலிந்த தொழிலை விட்டு நல்ல தொழிலுக்குப் போனது என்று இரண்டாவது வரியில் எழுதினார். எல்லாரும் பாராட்டினார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் இந்த வீட்டுப் படிவம் அவர் மேசைக்கு வந்தது. 'குடும்ப வருமானம் எங்கிருந்து வருகிறது?' என்பது ஏழாவது கேள்வி. அதற்கு எதிரே, 'எங்கிருந்தும் இல்லை. மேடையில் ஒருவர் சொன்னார் என்று பிள்ளையை எண்ணெய்க் கிணற்று வேலைக்கு அனுப்பினேன்' என்று கணக்கெடுக்க வந்தவர் எழுதியிருந்தார்.

கீழே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அவர் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். பத்து வருஷத்துக்கு முன் இந்த ஊர் உரத் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது, அந்த மேடையில் ஒலிபெருக்கி முன் நின்று பேசியவர் அவர்தான். படிவத்தைப் பார்த்த நாள் முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று ரயிலேறி வந்துவிட்டார்.

வந்து அரை மணி நேரமாயிற்று, சொல்ல வாய்தான் வரவில்லை.

"ஏழாவது கேள்விக்கு... கொஞ்சம் விவரமா சொல்லுங்க அக்கா."

"என்ன விவரம் தம்பி? 'இங்க உக்காந்திருந்தா மண்ணுதான் திங்கணும், காஸ்பியன் கரைக்குப் போங்க, அங்கதான் எதிர்காலம்'னாரு. நான்தான் என் பிள்ளை ஸாபித்தைப் பிடிச்சுத் தள்ளினேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான். ஆடு வளர்க்கறேன்னான். படிச்சவர் சொல்றாருடா, போடான்னேன்."

"அப்புறம்?"

"எண்ணெய்க் கிணத்துல வாயு கசிஞ்சிருக்கு. பெட்டியிலதான் வந்தான். இருபத்திரண்டு வயசு."

ஒராஸ் வாயில் போட்ட பொரித்த மாவுருண்டையை மெல்லாமல் வைத்திருந்தான். எசென்பெக்குக்குத் தன் அறிக்கையின் இரண்டாவது வரி கண்முன் வந்து நின்றது. அந்த வரிக்குள் ஸாபித்தும் இருந்தான், நல்ல தொழிலுக்குப் போனவனாக.

"அந்த ஆளைப் பார்த்தா... அடையாளம் தெரியுமா அக்கா?"

"கூட்டத்துல கடைசியில நின்னேன். முகமே சரியாத் தெரியல. இப்ப பார்வையும் இல்ல."

அவருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"யாரா இருந்தாலும், நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்லியிருப்பாருக்கா."

ஒராஸ் ஆறாவது தடவையாகக் கோப்பையை நீட்டினான். அவள் பாதிக் கோப்பை ஊற்றினாள். அவன் இரண்டே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி நீட்டினான்.

"வண்டிக்கு பெட்ரோல் போடுற மாதிரி குடிக்கிறியேப்பா" என்றாள்.

"உங்க கை டீ அப்படி பெரியம்மா."

பிறகு அவள் எசென்பெக்கின் கோப்பையைத் தடவி எடுத்து, மறுபடியும் விளிம்பு வரை நிறைத்து அவர் முன் வைத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டில் தனக்கு உபசாரம் நடக்கிறது. இந்த அன்புக்கு முன்னால் ஒளிந்துகொண்டிருக்க அவரால் முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"போதும்கா. கண்ணு தெரியாம நெறைச்சு நெறைச்சு ஊத்தறீங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அவள் விரிப்பின் மேல் சிதறிக் கிடந்த துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டியபடியே சொன்னாள்:

"கண்ணுதான் போச்சு, காது போகல. முதல் கோப்பையிலேயே உன்னைக் கெளம்பச் சொல்லிட்டேன்."