ஸ்தாமெனின் செருப்பு

பூனை பிடித்துவரும் எலியை வாசலில் கிடக்கும் ஸ்தாமெனின் செருப்பில்தான் வைக்கும். அவர் அதன் தலையைத் தடவிவிட்டு, எலியைப் பிளம் மரத்தடியில் புதைப்பார். அவர் இறந்த பிறகும் பூனை வழக்கத்தை விடவில்லை. விடிந்து பார்த்தால் செருப்பு காலியாக இருக்கும். மரத்தடியில் புதுமண் கிடக்கும். மனைவி ருமியானா யாரிடமும் சொல்லவில்லை.

"செத்தவர் செருப்பை யாருக்காவது குடுத்துடுடி. இல்லேன்னா மனுஷன் நடந்துக்கிட்டே இருப்பாரு," என்றாள் பக்கத்து வீட்டு ஸ்லாத்கா.

"நடந்தா நடக்கட்டும்க்கா."

"உனக்குத் துணை வேணும், சரி. அவருக்கு ஓய்வு வேண்டாமா?"

அன்றே ருமியானா செருப்பைக் கோயில் மணியடிப்பவருக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை முற்றமெங்கும் உறைபனி. வாசற்படியில் பூனை சுகமாகக் கண்மூடிக் கிடந்தது. படியிலிருந்து மரத்தடிவரை வெறுங்கால் தடங்கள் போயிருந்தன.

ருமியானா உள்ளே போய், அவருடைய கம்பளிக் காலுறைகளை எடுத்துவந்து படியில் வைத்தாள்.