அசல் கரடி முடி

“எத்தனை கரடியக் கொன்ன?”

வீரேந்திரன் போட்ட சத்தத்தில் கிரிவலம் போய்க்கொண்டிருந்த நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

பாதையோரம் துணி விரித்துத் தாயத்து விற்றுக்கொண்டிருந்த கருப்பன் நிமிர்ந்து பார்த்தான். அவன் தலைக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது: ‘அசல் கரடி முடி. பயம் தெளியும்.’

“ஒண்ணே ஒண்ணுதான் நயினாரே. எருது கணக்கா இருந்திச்சு. ஜவ்வாது மலையில நானே ஒண்டியா...”

“பெருமை வேறயா உனக்கு?”

வீரேந்திரன் தேரடி வீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் சமணர்; அதனால் ஊருக்கு அவர் ‘நயினார்’. வயது ஐம்பத்தைந்து. சர்க்கரை மூட்டையில் எறும்பு வந்தால் மூட்டையைத்தான் நகர்த்துவார். உயிரைக் கொல்லாதது போலவே பொய்யும் சொல்லாதவர். “இது போன வருஷத்துப் பருப்பு, வேகாது” என்று வாங்க வந்தவர்களிடம் அவரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். மகள் நிவேதாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், “நல்ல பொண்ணு, ஆனா குறட்டை விடும்” என்று சொல்லிவிட்டு, மனைவி கனகலதாவிடம் ஒரு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

“அது பாட்டுக்குக் கறையான் புத்தைத் தோண்டித் தின்னுட்டுப் போற ஜீவன்டா. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்காதான் ஒண்ணோ ரெண்டோ குட்டி போடும். அதுங்களை முதுகுல தூக்கிக்கிட்டே திரியும். தாயக் கொன்னா குட்டியும் போச்சு. தெரியுமா?”

“அப்போ கறையான் ஜீவன் இல்லியா?” என்றார் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர்.

வீரேந்திரன் யோசித்தார். நியாயமான கேள்விதான்.

“அந்தப் பாவம் கரடியோட பாடு. இவன் பாவத்துக்கு வாங்க” என்றவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இப்பவே ஃபாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்றேன்.”

கூட்டம் கலைந்தது. கருப்பன் சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

“போன உள்ள வைங்க. இது எருமை முடி.”

“என்னது?”

“எங்க வீட்டு எருமை வால்ல கத்திரிக்கோல் போட்டு வெட்டினது. கரடிகிட்டப் போய் எவன் முடி கேப்பான்? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது நயினாரே.”

வீரேந்திரனுக்கு மூச்சு வந்தது. கூடவே அடுத்த கவலையும் வந்தது.

“வால் முடிய வெட்டிட்டா அது எப்படி ஈ ஓட்டும்?”

“வேப்பிலைப் புகை போடறேன்.”

“அதுல ஈ சாவாதே?”

“சாவாது. பக்கத்து வீட்டு எருமை மேல போய் உக்காந்துக்கும்.”

மனசு சமாதானம் ஆனதும் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

“அப்ப எருமை முடின்னே எழுதிப் போடேன். எதுக்கு ஊரை ஏமாத்தற?”

“எழுதினா எவன் வாங்குவான்? வாங்காதவன் பேசாம வூட்டுக்கா போவான்? செங்கம் பக்கம் ஒருத்தன் ஆர்டர் எடுக்கறான், அவன்கிட்டப் போவான். அட்வான்ஸ் குடுத்தா பத்தே நாள்ல நெஜமான முடி. அவன் ஒண்ணும் கத்திரிக்கோல் எடுத்துட்டுப் போறதில்ல நயினாரே, துப்பாக்கி.”

“இருந்தாலும் பொய் பொய்தான்” என்று வீரேந்திரன் வாயெடுத்தார்.

“அட, நம்ம நயினாரு!”

கீழ்பென்னாத்தூர் சக்திவேல். வேர்க்கடலை வியாபாரி. இருபது வருஷமாக அவர் கடையில்தான் சாமான் வாங்குகிறான்.

“பையன் தூக்கத்துல அலறறான் நயினாரே. மூணு தாயத்து கட்டியாச்சு. மூணும் டூப்ளிகேட். செங்கத்துல ஒருத்தர் காட்டுல இருந்தே கொண்டாந்து தரேன்னாரு. அட்வான்ஸ் குடுக்கத்தான் கெளம்பிட்டேன்.” துணியிலிருந்து ஒரு தாயத்தை எடுத்து முகர்ந்து பார்த்தான். “இது எப்படி? அசல்தானா? இவன் சொன்னா நம்ப மாட்டேன். நீங்க சொல்லுங்க. உங்க வாயில பொய் வராது.”

கருப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

வீரேந்திரன் மலையைப் பார்த்தார். சக்திவேலைப் பார்த்தார். பருப்பிலும் குறட்டையிலும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிய பேர், இப்போது ஓர் எருமை வாலில் தொங்கியது.

“அ... அசல்” என்றார்.

“நல்லாத் தெரியுமா?”

“தெரியும்ப்பா. அந்தக் கரடிய நானே நேர்ல பாத்திருக்கேன். நெஞ்சுல வெள்ளையா ஒரு கோடு இருக்கும். மூக்கு நீளம். நான்னா அதுக்கு ஒரு மரியாத...”

கருப்பன் அவர் தொடையைக் கிள்ளினான். “ஜாஸ்தி போவாதீங்க” என்று முணுமுணுத்தான்.

சக்திவேல் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தான். “அண்ணே, எனக்கு வேணாண்ணே. இங்கயே அசல் கெடைச்சிடுச்சு. ஆமாண்ணே, நயினாரே சொல்லிட்டாரு. எங்க ஊர்ல ஆறு பேரு கேட்டுட்டு இருந்தாங்க இல்ல, அவங்களுக்கும் இங்கயே வாங்கிக்கறேன்.”

ஏழு தாயத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டான்.

“பையனை டாக்டர்கிட்டயும் ஒருக்கா காட்டு” என்றார் வீரேந்திரன். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“காட்டறேன்” என்று நாலடி நடந்த சக்திவேல், என்னவோ மனசு கேட்காமல் திரும்பி வந்தான்.

“பாவம் நயினாரே. நம்ம பையனுக்காக அந்தக் கரடி செத்துப்போச்சு, இல்ல?”

“இல்லப்பா” என்றார் வீரேந்திரன். “அது காட்டுல குட்டியோட உயிரோடதான் இருக்குது.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் நடுங்கவில்லை.