கிழட்டு ஆமையின் குஞ்சுகள்

அல்போன்ஸுக்கு ஐம்பத்தேழு வயது. போர்ட் பிளேரில் ஓர் ஆமை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அங்கிருக்கும் கிழட்டு ஆண் ஆமையின் ஓட்டில் ஓயாமல் பூஞ்சை பிடிக்கும். தினமும் அதைத் தேய்த்துக் கழுவி, வெறும் கையால் அயோடின் தடவுவார். கையுறை போட்டால் பிடி வழுக்கும். அவருடைய விரல் நுனிகள் பழுப்பேறிப் பல வருஷமாகிறது.

அன்று காலை அந்த ஆமைக் கிழவனின் குஞ்சுகள் பொரிந்திருந்தன. மற்ற குஞ்சுகள் என்றால் தண்ணீரைப் பார்த்து ஓடும். இவை மணலிலேயே அசந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் இடது முன்துடுப்பில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. முன்பு அடையாளத் தகடு மாட்டுவதற்காகக் கிழவனுக்கு அல்போன்ஸ் ஓட்டை போட்ட அதே இடம்.

"ஃபங்கஸ் அரிச்சிருக்கும்," என்றார் டாக்டர் அகிலா. "வயசான அப்பனுக்குப் பொறந்ததுக்கு சீக்கிரம் பிடிக்குதான்னுதானே நாம ஆராய்ச்சியே பண்றோம்."

"எல்லாத்துக்கும் ஒரே இடத்துலயா மேடம்?"

"எனக்குத் தலை வலிக்குது அல்போன்ஸ். நாளைக்குப் பாப்போம்."

மதியம் போன் வந்தது. அவர் மனைவி கிளாராவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து முதல் குழந்தை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கிளாரா துணியை விலக்கிக் காட்டினாள். "நர்ஸ் ரெண்டு தடவை தொடச்சிட்டாங்க. போக மாட்டேங்குதுங்க."

குழந்தையின் விரல் நுனிகள் பழுப்பாக இருந்தன. அது அழவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த ஆளைப் போல, அயோடின் மணக்கும் கையை அவர் கைமேல் போட்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.