அக்கா என்று சொன்ன போன்

புயல் கரை கடந்த மறுநாள் காலை, செண்பகவல்லி வேதாரண்யத்திலிருந்த தம்பி தங்கையனுக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருக்கேன் அக்கா. நீ சாப்பிட்டியா?" என்றது தம்பியின் குரல்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஆள் எடுக்காவிட்டால் போனே அவர் குரலில் பதில் சொல்லிவிடுகிற காலமாயிற்றே இது! அவள் மகள் கல்யாணத்தில் தாய்மாமனை முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு போன தங்கையன், மூன்று வருஷமாக அவளை அக்கா என்றதே இல்லை.

உடனே அவள் கூப்பிட்டுக் கேட்ட மீட்புப் படகுக்காரரோ, "நல்லா இருக்கேன்னு அவர் போன் சொல்லிருச்சேம்மா. மீட்க வேண்டியவங்க பட்டியல்ல அவர் பேர் இல்ல" என்றார்.

"போன்தான் நல்லா இருக்குப்பா. அவனைப் போய்ப் பாருங்க."

சாயங்காலம் படகுக்காரர் போனிலிருந்து தங்கையனே கூப்பிட்டான். "கூரைமேல சிவனேன்னு உட்கார்ந்திருந்தேன். படகு அனுப்புன்னு உன்னை எவன் கேட்டான்?"

செண்பகவல்லி அப்புறம்தான் சோற்றில் கை வைத்தாள்.