கடைசியாக வருகிறவர்

செப்டம்பரில் எங்கள் புதர்வெளியில் ஹீதர் பூ வாடும் நேரத்தில்தான் என் ஆட்டு மந்தையோடு நடக்க ஊர்ப்பட்ட கூட்டம் வரும். அன்றும் நடை முடிந்து ஆடுகளைப் பட்டிக்குள் விட்டேன். கடைசி ஆடு உள்ளே வரும்வரை என் நாய் மூர் படுக்காது. அன்று எல்லா ஆடும் வந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தது.

"எல்லாம் வந்தாச்சுடா, படு."

கேட்காமல் புதர்வெளிக்கு ஓடியது. அங்கே அரைவட்டம் அடித்து, நின்று நின்று திரும்பி வந்தது. நொண்டுகிற ஆட்டைத்தான் அப்படி ஓட்டி வரும்.

நடக்க வந்தவர்களில் யோஸ்ட் என்பவன் சிரித்தான். "அக்கா, உங்க நாய் வெறும் காத்தை ஓட்டிட்டு வருது!"

"சும்மா இருப்பா."

என் கணவர் ஹார்முக்கு முழங்கால் வலி. எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேருவார். பட்டியின் படலைச் சாத்த வேறு யாரையும் விடமாட்டார். போன குளிர்காலத்தில் இறந்துபோனார்.

நான் படலைச் சாத்தாமல் உள்ளே போய் ஆடுகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

பின்னால் படல் சாத்தும் சத்தம் கேட்டது. மூர் படுத்துக்கொண்டது.