மடாருக்கு முன்னால்

“இன்னைக்கும் வந்து உட்கார்ந்துட்டாரா?”

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். “வந்தாச்சு, நம்ம பஸ் டிரைவர். அதே இடம். பொண்ணும் அதே மடியில.”

நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படிப்பவள், கையில் இருந்த புத்தகத்தைப் பொத்தென்று மேசைமேல் போட்டாள். பிள்ளைகளுக்கு அவள் கதையக்கா.

“ஒரு மனுஷன் கதை கேட்டுச் சிரிக்கலாம். கதைக்கு முன்னாடியே சிரிச்சா அப்புறம் நான் எதுக்கு?”

“நீங்க அடுத்த வாரம் என்ன கதை படிக்கப் போறீங்கன்னு கேட்டு, அந்தப் புத்தகத்தை முன்கூட்டியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறார், தெரியுமா?”

“ஓ! மனப்பாடம் பண்ணிட்டு வந்து என் மானத்தை வாங்குறாரா?”

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. அன்றைய கதை, பிள்ளைகளின் அப்பா அம்மாக்களே சின்ன வயதில் கேட்டுச் சிரித்த பழைய கதை. ஆட்டின் வீட்டுக்கு விருந்துக்கு வந்த நீர்யானை, ‘நான் ரொம்ப லேசு’ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றிலும் உட்காரும். நாற்காலி மடார். பெஞ்சு மடார். கட்டில் மடார். நீர்யானை மெல்லக் குனிய வேண்டும், பிள்ளைகள் மூச்சைப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் மடார். மற்றதெல்லாம் அதற்காகத்தான்.

கதை தொடங்கியது. ஆடு நாற்காலியை இழுத்துப் போட்டது. ‘நான் ரொம்ப லேசு’ என்றது நீர்யானை. மெல்லக் குனிந்தது.

“ஹஹ்ஹஹ்ஹா!”

பஸ் டிரைவர்தான். வேலை உடுப்போடு தரையில் சம்மணமிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். மடியில் இருந்த மகளும் சேர்ந்து குலுங்கினாள். அதற்குப் பிறகு வந்த மடாரில் சாரமே இல்லை.

“அக்கா! சிரிப்பு மாமா மறுபடியும் கெடுத்துட்டாரு!”

பிள்ளைகள் அத்தனை பேரும் அவரை முறைத்தார்கள். கதையக்கா புத்தகத்தை மூடினாள்.

“சார், கொஞ்சம் வெளியில இருங்க.”

“சத்தத்தைக் குறைச்சுக்கிறேன் மேடம்.”

“சத்தம் இல்ல சார் பிரச்சினை, அவசரம். பஸ்ஸும் இப்படித்தான் ஓட்டுவீங்களா? ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே கதவைத் திறந்துடுவீங்களா?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டிரைவர் மகளை மடியிலிருந்து இறக்கிப் பாயில் உட்காரவைத்து, தலையைத் தடவிவிட்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

கதையக்கா தொடர்ந்தாள். ஆடு பெஞ்சைக் காட்டியது. நீர்யானை மெல்லக் குனிந்தது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“மடார்!”

பிள்ளைகள் விழுந்து புரண்டார்கள். அவளுக்கே மனசு குளிர்ந்துபோயிற்று. மடார் என்றால் இதுவல்லவோ மடார்! சிரிப்பு அடங்கியதும் பக்கத்தைத் திருப்பினாள்.

அப்போது ஒரே ஒரு சிரிப்பு கேட்டது.

டிரைவரின் மகள். மற்றவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்தபடி, தனியாக, பலமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், இது ஏன் இப்பப் போய் சிரிக்குது?” என்றான் ஒரு பையன்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கதவுப் பக்கம் திரும்பி அப்பாவைத் தேடினாள்.

அப்பாவுக்கு முந்திச் சிரிப்பு, மகளுக்குப் பிந்திச் சிரிப்பு. குடும்பமே இப்படியா!

“பாப்பா, இங்க பாரு” என்றாள் கதையக்கா. அவள் பார்க்கவில்லை. கதையக்கா பலமாகக் கைதட்டினாள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் சட்டென்று திரும்பினார்கள்.

அவள் திரும்பவில்லை.

கதையக்கா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“சார்... பாப்பாவுக்குக் காது...”

“பொறந்ததுலேருந்தே கேக்காதுங்க மேடம்.” டிரைவர் குரலைத் தாழ்த்தினார். “படத்தைப் பார்த்துக் கதையைப் புரிஞ்சுக்குவா. எப்ப சிரிக்கணும்னுதான் தெரியாது. மத்தவங்களைப் பார்த்துட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள அவங்க முடிச்சுடுறாங்க. மடியில இருந்தா என் வயிறு குலுங்குறது அவ முதுகுக்குத் தெரியும். நான் கொஞ்சம் முந்திக்கிட்டா, அவ சரியா எல்லாரோடயும் சேர்ந்துக்குவா.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? எப்படியெல்லாம் பேசிட்டேன்!”

“சொன்னா எல்லாரும் அவளைப் பார்ப்பாங்க மேடம். இப்ப என்னைத்தானே முறைக்கிறாங்க.”

கதையக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டிக்கொண்டு கதவை விரியத் திறந்தாள்.

“உள்ள வந்து உட்காருங்க சார். கதவை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க!” உள்ளே கேட்கும்படி அதட்டினாள்.

“அய்யோ அக்கா, வேணாம்! மாமா மறுபடியும் முன்னாடியே சிரிப்பாரு!”

“சிரிக்கட்டும், நானும் பார்க்கிறேன்.”

டிரைவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார். மகள் ஓடிவந்து மடியில் ஏறி, முதுகை அவர் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள்.

ஆடு பயந்து பயந்து கட்டிலைக் காட்டியது. ‘நான் ரொம்ப லேசு’ என்றது நீர்யானை. மெல்லக் குனிந்தது.

கதையக்கா அதோடு நிறுத்தினாள். புத்தகத்துக்கு மேலாக டிரைவரை முறைத்தாள். பிள்ளைகளும் முறைத்தார்கள். வாங்கிய திட்டு நினைவுக்கு வந்ததோ என்னவோ, அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதையக்கா பல்லைக் கடித்தாள்.

“சிரிச்சுத் தொலைங்க சார்! அது எவ்வளவு நேரம்தான் குனிஞ்சே நிக்கும்?”