ஆம்பிளைக் கைக்குச் செய்த ரம்பம்

"கையை எடும்மா! இது என்ன கத்திரிக்காயா, அமுக்கிப் பாத்து வாங்க?"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். எல்லோரும் என்றால், ஆணி வாங்க நின்ற நானும் அப்போதுதான் உள்ளே வந்த பூலோகமும்தான்.

கத்தியவர் ஜெயினுலாப்தீன் பாய். தாராவி மெயின் ரோட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்; அட்டை, பசைகூட அங்கே கிடைக்கும். பம்பாயில் டிராமை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பிருந்தே நான் அவருடைய வாடிக்கை. பெண்கள் யாராவது வந்தால் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிற மனிதர். அன்றைக்கு அவருக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

ஏச்சு வாங்கியவள் சண்முகவடிவு. எலிவால் அரம் ஒன்றை எடுத்து, அதன் பல்லைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் அதைப் பிடுங்கி உள்ளே போட்டார்.

அவளுடைய வீட்டுக்காரர் கோமதிநாயகம், ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு மாடல் செய்கிறவர். கட்டப்போகிற கட்டடத்தை முதலில் ஒட்டுப்பலகையிலும் அட்டையிலும் ஒரு சாண் உயரத்துக்குச் செய்து காட்ட வேண்டும். ஜன்னல் கம்பி தீக்குச்சியைவிட ஒல்லியாக இருக்கும். அந்த ஒரு சம்பளத்தில்தான் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள்.

பூலோகம் அதே ஆபீஸில் ஸ்டோர் கீப்பர்.

"என்ன மதினி, நீங்க கடைக்கு வந்திருக்கீங்க? அண்ணாச்சி எங்க?"

"வீட்டுல வேலையா இருக்காக. சாமான் வாங்கியாரச் சொன்னாக."

"வேலையா இருக்காராமே!" பூலோகம் பாயைப் பார்த்துச் சிரித்தார். "போன வாரம் ஆபீஸ்ல அவருக்கு டீ குடுத்தேன் பாய். பாதி டீ சட்டையில. கை அந்த நடுக்கம் நடுங்குது. வீட்டுல வச்சுத்தான் மாடல் செய்வேன்னு எங்க முதலாளி சாப்கிட்ட பெர்மிஷன் வாங்கினாரே, ஏன்னு அப்பத்தான் புரிஞ்சுது."

"வேலை ஒழுங்காத்தானே வருது?" என்றார் பாய்.

"அதுதான் சந்தேகமே! செம்பூர் காலனி மாடல்ல மொட்டை மாடிக் கொடியில ரெண்டு சேலை காயுது பாய். சேலையில கரைகூட இருக்கு. சாப் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டு ஏக்தம் குஷி ஆயிட்டாரு. நடுங்குத கை அதைச் செய்யுமா? வேற யாரோ செஞ்சு குடுக்காங்க. யாருன்னு தெரிஞ்ச அன்னைக்கே சாப் அண்ணாச்சியை வீட்டுக்கு அனுப்பிருவாரு. அந்த வேலைக்கு என் மச்சினன் ரெடியா இருக்கான்."

மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர்.

 சண்முகவடிவின் கை சும்மா இருக்கவில்லை. முன்னால் கிடந்த சின்ன ரம்பம் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடித் தகட்டின் நேர் பார்த்தாள்.

"பரவாயில்லையே! மதினிக்கு ரம்பம் பாக்கத் தெரியுதே!" என்றார் பூலோகம். இப்போது அவர் சிரிக்கவில்லை.

பாய் எழுந்தேவிட்டார்.

"கீழ வையும்மா அதை! கண்ணாடி பாத்துப் பொட்டு வைக்கிற சாமான்னு நினைச்சியா? தகட்டுல மூஞ்சி பாக்கிறே! சீட்டு எழுதிக் குடுத்தாரா உன் வீட்டுக்காரரு?"

"இல்ல."

"பின்னே என்ன தெரியும்னு வந்தே? இதெல்லாம் ஆம்பிளைக் கைக்குச் செஞ்சது. அரம் எது, ரம்பம் எதுன்னு தெரியாத பொம்பளையை அனுப்பிட்டு அவரு வீட்டுல இருந்தா நான் எப்படி யாவாரம் பண்ண? எட்டி நில்லு!"

அவள் எட்டி நின்றாள். முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது.

பூலோகத்துக்குச் சிரிப்பு திரும்பியது. "விடும் பாய், பாவம். அம்மி கொத்துத உளிதான் அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி, ஆபீஸுக்கு அட்டையும் பசையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

 இது என்ன நியாயம் என்று அப்போதே கேட்டிருப்பேன். பாய் எனக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுவையில் கை வைத்துவிடுவாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். பொட்டலம் கைக்கு வந்த பிறகு தைரியமும் வந்தது.

"பாய், ஒரு பொம்பளைகிட்ட இப்படியா பேசறது? நாளைக்கு என் வீட்டு ஆளுங்க வந்தாலும் இதே மரியாதைதானா?"

அவர் என் கேள்வியைக் காதில் வாங்கவில்லை.

"அவரு பஸ் ஏறிட்டாரா பாருங்க."

எட்டிப் பார்த்தேன். பூலோகம் அட்டையோடு பஸ்ஸுக்குள் நுழைய முடியாமல் கண்டக்டரோடு சண்டை போட்டு, கடைசியில் ஏறிவிட்டார்.

"ஏறிட்டாரு."

"நீங்க கேட்டது ஒன்றரை இஞ்சு ஆணிதானே?"

"ஆமா."

"அதை மட்டும் பாருங்க."

நான் ஆணியைப் பார்த்தேன்.

பாய் தோள் துண்டால் ஸ்டூலைத் துடைத்து, சண்முகவடிவின் பக்கம் நகர்த்தினார். கல்லாவுக்கு அடியிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்து, அவள் முன்னால் இரண்டு கையாலும் வைத்தார். அதே மாதிரி ரம்பம்தான்.

"போன தடவை உங்க உள்ளங்கையில கொப்புளத்தைப் பாத்தேன் தங்கச்சி. கைப்பிடியைச் சின்னதாச் சீவி வச்சிருக்கேன், பிடிச்சுப் பாருங்க."